எக்காளம் ஊதினால் அணைத்துவிடு

என் தம்பி அந்தப் பழைய விண்வெளிப் போர் விளையாட்டை மறுபடி ஆட ஆரம்பித்தபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மகளைப் பறிகொடுத்துவிட்டு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து எதையோ தொடுகிறானே என்கிற சந்தோஷம். "கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டானுங்க, இனிப் பயமில்லீங்க" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. கொஞ்ச நாளில், அதே கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று நான் யோசிக்கும் நிலை வந்தது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கோயமுத்தூர் பக்கம், மதுக்கரையைத் தாண்டி இருக்கிறது. தம்பி தன் மகளை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தான். எல்.கே.ஜி. படிக்கிற குழந்தை. ஒரு நாய் குறுக்கே ஓடியது. ஹேண்டிலைத் திருப்பினான். அவ்வளவுதான். லாரி இல்லை, குடிகாரன் இல்லை, சாபம் விட ஓர் ஆள் இல்லை. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகும் அதே திருப்பத்தில்தான் படுத்துக் கிடந்தது. நான் காரில் போகும்போதெல்லாம் அதை முறைப்பேன், அது என்னைச் சட்டையே செய்யாது.

தம்பிக்கு இடுப்பும் வலது மணிக்கட்டும் நொறுங்கிப் போயிருந்தன. அவனை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போயிருந்த நேரத்தில் இங்கே குழந்தையை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். பச்சைப் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது என்றார்கள். பெற்றவன் பார்த்தால் தாங்கமாட்டான் என்றார்கள். சின்னக் குழந்தைக்குப் பாடை கிடையாது. அப்பா கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். "பொம்பளைங்க வரக்கூடாது அம்மணி, நில்லு" என்று பெரியப்பா கையை நீட்டினார். "அவனால வர முடியாதுங்க பெரியப்பா. அவனுக்குப் பதிலா யாராச்சும் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவர் கைக்கு அடியில் புகுந்து போய்விட்டேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவையோ தங்கையையோ சிங்காரித்து, தாலி கட்டுவதற்கு முன்னால் அவனோடு சேர்த்து உட்காரவைத்துச் சீர் செய்வார்கள். இனிமேல் அவனுடைய நல்லதிலும் கெட்டதிலும் இவள் உடன் நிற்பாள் என்று அர்த்தம். தம்பி கல்யாணத்தில் அப்படி உட்கார்ந்தவள் நான். அன்றைக்குப் பட்டுச்சேலையும் போட்டோவும்தான் பெரிதாக இருந்தன. உடன் நிற்பது என்றால் என்னவென்று ஓடைக்கரை மயானத்தில்தான் தெரிந்தது.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அம்மா வீட்டையே மாற்றி வைத்துவிட்டார். குழந்தையின் படம் பீரோவுக்குள் போனது. கவுன்கள் மூட்டையாகக் கட்டி யாருக்கோ போயின. மூன்று சக்கர சைக்கிள் பரணுக்கு ஏறியது. "அவன் முன்னால ஆரும் பாப்பா பேச்சை எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்று எல்லோரிடமும் கையில் அடித்து வாங்கினார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றார். நானும் அடித்துக் கொடுத்தேன்.

தம்பி எதையும் கேட்கவில்லை. எங்கே வைத்தீர்கள், யார் தூக்கினார்கள், என்ன உடுத்தினீர்கள், ஒரு கேள்வியும் இல்லை. அவன் கேட்காததைப் பார்த்து எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். நான் மட்டும் அவன் எப்போது கேட்பான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். "என்ற புள்ளை பேரைக்கூட இந்த ஊட்டுல சொல்ல முடியலீங்க அண்ணி. எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போயிருமாட்ட இருக்குது" என்று என்னிடம் அழுதுவிட்டு ஆனைமலையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன அன்று அப்பா ஸ்குரு டிரைவரை எடுத்துவந்து தம்பி அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். காந்திபுரத்தில் துணிக்கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறிப்போனால் ஒரு சிடி கடை இருந்தது. ஜெராக்ஸ் அட்டை போட்ட சிடி ஒன்றைத் தம்பி அங்கே அடம்பிடித்து வாங்கினான். வானத்தில் ஒரு பெரிய போர்க்கப்பல், அதில் குட்டிக் குட்டி விமானங்கள், அவற்றை ஓட்டும் ஆட்கள். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஓர் அறையில் எல்லோரையும் உட்காரவைத்துத் தளபதி நிலவரம் சொல்வார். சண்டை முடிந்து திரும்பினால் கப்பலுக்குள் ஒரு கேன்டீன். ஓட்டுநர்கள் அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். எல்லாம் இங்கிலீஷ். தம்பிக்கு அப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். ஆகவே விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக் கைப்பிடி அவன் பாடு, கதையைத் தமிழில் சொல்வது என் பாடு என்று ஆனது.

என் தளபதி கோயமுத்தூர்க்காரர். "வாங்க கண்ணு, உக்காருங்க. சாப்டாச்சுங்களா? அந்தப் பக்கம் ஒரு சின்னச் சோலி இருக்குதுங்க, போய்ப் பாத்துப்போட்டு வந்துருங்க" என்றுதான் உயிரைக் கொடுக்கிற வேலைக்கு அனுப்புவார். முதுகில் ஓடு போட்ட எதிரி ஜந்துக்கள்கூட, "ஏனுங்க, சரணடையறீங்களா, இல்ல சுட்டுப்போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுடும். வாயில் நுழையாத கிரகப் பெயர்களை எல்லாம் தூக்கி எறிந்தேன். வெள்ளைத் தூசி படிந்த நிலவு ஒன்று, சிமெண்ட் ஆலைத் தூசி பறக்கும் எங்கள் மதுக்கரை ஆயிற்று. எங்கிருந்தும் எங்கும் தாவிப்போகக் கப்பல்கள் முட்டி மோதிக்கொண்டு நிற்கும் ஒரு வானவாசல் இருந்தது, அதற்கு டவுன் பஸ் ஸ்டாண்டை நினைத்துக் காந்திபுரம் என்று பெயர் வைத்தேன். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான்.

இன்று யோசித்தால் சண்டை ஒன்றுமே நினைவில் இல்லை. எந்த விளையாட்டிலும் சுடுவது சுடுவதுதான். எங்களைக் கட்டிப்போட்டது அந்தக் கேன்டீன். நமக்குத் துணையாகப் பக்கத்தில் பறந்து வருகிற சுருட்டைத்தலைக்காரன் ஒருவன் உண்டு. மொக்கைக் கடி ஜோக் சொல்வான், தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போவான். அவனை உடுமலைக்காரனாக்கி, உடுமலையான் என்றே கூப்பிட்டோம். எங்களுக்கு அவன் ஒரு மச்சான் மாதிரி.

அந்த உடுமலையான் சுடப்பட்டால் அடுத்த சண்டை வராது. கப்பலின் மேல்தளம் வரும். எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். கொடி போர்த்திய ஒரு சவப்பெட்டி இருக்கும். எக்காளம் ஊதும். முதல் தடவை அது ஊதியது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். அரிசி தீர்ந்துபோனால்கூடத் தீர்ந்தது என்று சொல்லமாட்டார் எங்கள் அம்மா, அப்படிச் சொன்னால் வீட்டுக்கு ஆகாது. சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். "வெளக்கு வெச்ச ஊட்டுக்குள்ள எழவுச் சங்கு ஊதறீங்களா? அறிவிருக்குதா ரெண்டு பேருக்கும்?" என்று மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அது சட்டமாகிப் போனது. எக்காளத்தின் முதல் ஒலி கேட்டதும் தம்பியின் இடது கை பாய்ந்து அணைத்துவிடும். பிறகு சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவோம். உடுமலையான் உயிரோடு இருப்பான், பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போவான். எக்காளம் ஊதினால் ஆட்டம் அத்தோடு முடிந்தது என்றே நாங்கள் நம்பினோம். கடைசியில் ஜெயித்தும் விட்டோம். எங்கள் போரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

அதற்குப் பிறகு வாளும் குதிரையுமாக இன்னொரு விளையாட்டு ஆடினோம். அதில் ஊர் ஊராகப் போய் மனிதர்களிடம் பேச வேண்டும். கிணற்றடியில் நிற்கும் ஒருவன், எத்தனை தடவை போய் எதைக் கேட்டாலும், "மழை வருமாட்ட இருக்குது" என்றே சொல்வான். ஊரே தீப்பற்றி எரியும்போதும் அதையேதான் சொல்வான். தம்பியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களைப் பார்த்தபோது எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. "நடந்தது நடந்துபோச்சு கண்ணு, மனசைத் தேத்திக்கோ." வந்தவர் எல்லோருக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் பார்க்காத வைத்தியமில்லை. டவுனில் ஒரு மனநல டாக்டர், "அவரைப் பேச விடுங்க" என்றார். நாங்கள்தான் பேசவே கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்திருந்தோமே. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். அம்மா ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூச வேண்டும் என்றார். அங்கே அநியாயம் செய்தவர்களை நினைத்து மிளகாய் அரைப்பார்கள். "ஆரை நெனச்சும்மா அரைக்கறது? நாயை நெனச்சா?" என்று கத்திவிட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். போய் அரைத்துவிட்டுத்தான் வந்தார். கண் சிவந்திருந்தது மிளகாயாலா என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தம்பி இணையத்தில் அந்த விளையாட்டைத் தேடி எடுத்தான். பழையதெல்லாம் இப்போது கிடைக்கிறதே. ஒரு ஜாய்ஸ்டிக்கும் வரவழைத்தான். நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்று சொன்னேன் அல்லவா, அது எத்தனை நாளைக்கு? சாப்பிட எழுந்து வருவதை நிறுத்தினான். குளிப்பது நின்றது. அவன் பம்ப்செட் டிசைன் வரைகிற கம்பெனியிலிருந்து போன் மேல் போன் வந்தது, எடுக்கவில்லை. அம்மா வைத்த தட்டு, வைத்தபடியே திரும்பி வந்தது. சட்டைக்குள் ஆள் எங்கே என்று தேடுகிற மாதிரி ஆகிவிட்டான்.

நான் அப்போது சூலூர் பக்கம் ஒரு நூல் மில்லில் அலுவலக வேலையில் இருந்தேன், வீடும் அங்கேயே. ஒரு நாள் வந்தபோது, "என்னடா பண்றே?" என்று கேட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இந்தவாட்டி கரெக்டாத் திருப்பிருவேன்க்கா" என்றான். எதைத் திருப்புவான்? நான் படியிறங்கி வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன். இவன் நமக்கு இல்லாமல் போய்விடுவான் என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் வாய்விட்டு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா போன் செய்தார். "தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்கறான் அம்மணி. உங்கப்பா பேசாம படுத்துட்டாரு. நீ வா." இந்த முறை அந்த எழவு எந்திரத்தைப் பிடுங்கி உடைத்தே தீருவது என்ற வேகத்தோடுதான் போனேன். கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னவோ ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பிடுங்கலாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பழையபடி அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன்.

நிராயுதபாணியான ஒரு கப்பலைக் காந்திபுரம் வாசல்வரை பத்திரமாகக் கொண்டு சேர்க்கிற சண்டை. சின்ன வயதில் அவன் தூக்கத்திலேயே ஜெயிப்பான். இப்போது முடியவில்லை. வாசலை நெருங்கும்போது ஓர் எதிரி குறுக்கே பாய்கிறான். சட்டென்று வலப்பக்கம் திருப்ப வேண்டும். தகடு வைத்த மணிக்கட்டு பாதிக்கு மேல் திரும்ப மறுக்கிறது. கண்ணெதிரே உடுமலையான் சுடப்பட்டு விமானத்தோடு வெடிக்கிறான். எக்காளத்தின் முதல் ஒலி. உடனே தம்பியின் இடது கை பாய்கிறது, திரை மாறுகிறது, சேமித்த இடம். மறுபடி வாசல். மறுபடி குறுக்கே. மறுபடி அந்தக் கை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான், உதடு வெடித்திருந்தது.

பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. இவனால் ஜெயிக்க முடியாது. இந்தக் கையை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் முடியாது. தோற்றதைப் பார்க்கவும் இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டி வருவதற்கு முன்னால் அணைத்துவிடு என்றுதான் சொல்லித்தந்தோம். பாப்பா போன அன்றைக்கும் அதைத்தானே செய்தோம். இவன் கண் விழிப்பதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம்.

அடுத்த தடவை உடுமலையான் வெடித்ததும் தம்பியின் இடது கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"உடுக்கா."

"உடமாட்டேன். பாரு."

"வேண்டாங்கக்கா. உடு."

"முழுசாப் பாரு சாமி. நான் இருக்கறேனல்ல, பாரு."

உதறினான். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்தது என்று தெரியவில்லை, என் வளையல் உடைந்து கையைக் கீறியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எக்காளம் ஊதிக்கொண்டே இருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

மேல்தளம் வந்தது. வரிசையாக நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தளபதி ஏதோ பேசினார், சின்னப் பேச்சுத்தான். கொடி போர்த்திய பெட்டி மெல்ல நகர்ந்து கப்பலின் வாயைத் தாண்டி வெளியே போனது. இருட்டுக்குள் அது சின்னதாகிச் சின்னதாகி மறையும்வரை அப்படியே காட்டினார்கள். தம்பியின் கை என் கைக்குள் இழுப்பதை நிறுத்தியது.

ஆட்டம் முடிந்தது என்று வரும் என்றுதான் நினைத்தேன். கேன்டீன் வந்தது. உடுமலையானின் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவன் அவனுடைய மொக்கைக் கடி ஒன்றை மற்றவர்களுக்குச் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நிலவரம் சொல்கிற அறையும் வந்தது. தளபதி வரைபடத்துக்கு முன்னால் நின்றார். நாங்கள் இத்தனை காலம் பார்த்தேயிராத வரைபடம், எங்கள் பக்கம் பாதி பறிபோயிருந்தது.

"இது முடியலையாக்கா?" என்றான் தம்பி.

"முடியலடா."

"தோத்தவனுக்கும் கதை எழுதி வெச்சிருக்கறாங்களா?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, என் பக்கம் திரும்பாமல், நான் அத்தனை மாதம் காத்துக் கிடந்த கேள்வியைக் கேட்டான்.

"பாப்பாவை எங்கக்கா வெச்சீங்க?"

சத்தியமாவது ஒன்றாவது. நான் சொன்னேன். முன்பு அவனுக்குக் கதை சொன்ன மாதிரியே, ஒன்றையும் விடாமல், நடந்த வரிசையிலேயே சொன்னேன். அப்பா கையில் ஏந்திக்கொண்டு போனதை, பெரியப்பா கையை நீட்டி மறித்ததை, வழியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு ஆள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்ததை, ஓடைக்கரையில் வேப்பமரத்துக்குக் கிழக்கே குழி வெட்டியிருந்ததை, அப்பா குழிக்குள் இறங்கித் தன் கையாலேயே படுக்கவைத்ததை, மண் மேலே ஏறிக்கொண்டு வந்ததை. மஞ்சள் கவுன் போட்டிருந்தாள் என்றேன். வலது காலில் மட்டும் கொலுசு இருந்தது என்றேன்.

"தலை?" என்றான். "தலையெல்லாம் மண்ணாயிருந்துதேக்கா. நான் பாத்தேன். நெனவு போறதுக்கு முந்தி பாத்தேன். தலையெல்லாம் மண்ணு."

அது எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராகிவிட்டிருந்தது.

கதவருகே அம்மா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. முந்தானையை வாயில் அடைத்திருந்தார். எக்காளம் ஊதியதற்கும், சத்தியத்தை நான் மீறியதற்கும் சேர்த்துக் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தட்டும், திருப்பிக் கத்துவது என்று நானும் தயாரானேன். அம்மா உள்ளே வந்து தம்பியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் தண்ணி வாத்து உட்டேன் கண்ணு," என்றார். "மண்ணெல்லாம் போக அலசி உட்டேன். ஈரத்தைத் துவட்டி, ரெட்டைச் சடை போட்டு உட்டேன். எண்ணெ வெக்கலை சாமி. எண்ணெ வெச்சா அதுக்குப் புடிக்காதல்லொ, அழுகுமல்லொ. அதனால எண்ணெ வெக்காமத்தான் சீவுனேன்."

தம்பி நாற்காலியிலிருந்து சரிந்து அம்மாவின் மடியில் விழுந்தான். அவன் அழுத சத்தம் கேட்டு அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அம்மா அவன் தலையைக் கோதிக்கொண்டே குழந்தையின் பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டு அத்தனை காலம் ஆகியிருந்தது. பிறகு நாங்கள் எல்லோரும் மாறி மாறி அந்தப் பெயரைச் சொன்னோம்.

நான் கீழே கிடந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு ஆனைமலைக்கு, தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். திரையில் தளபதி அடுத்த வேலையைச் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் அணைக்கவில்லை.